எல்லாவற்றுக்கும் ஒரே மலை சைக்கிள்: எது?

இழையைத் தொடங்கியவர், 2023 ஜூன் 4

கோயம்புத்தூரில் இருக்கிறேன். வார நாள்களில் ஊருக்குள்ளும் விடுமுறைகளில் நீலகிரிப் பக்கமும் ஓட்டுகிறேன். வீட்டில் ஒரே ஒரு சைக்கிளுக்குத்தான் இடம் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குத் தார்ச்சாலையில் ஏற வேண்டும், மேலே தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் சுற்ற வேண்டும், கல்லும் வேருமாகக் கிடக்கும் இறக்கங்களிலும் அஞ்சாமல் இறங்க வேண்டும். டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்) அதிகமுள்ள சைக்கிள் எளிய பாதையிலும் போகும். டிராவல் குறைந்தது கடினமான பாதையில் திணறும். ஆகவே 160 மி.மீ. டிராவலுள்ள கார்பன் ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் அமைப்புள்ள) சைக்கிள்தான் எல்லாவற்றுக்கும் பொருத்தம் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பதில் எழுதுபவர் (இனி வரும் பதிவுகளும் இவருடையவையே), 2023 ஜூன் 4, இரவு

போக முடியும் என்பது வேறு, போக மனம் வரும் என்பது வேறு. 160 மி.மீ. சைக்கிளில் கோத்தகிரி ஏற முடியும். அடுத்த வாரமும் அதையே எடுத்துக்கொண்டு கிளம்ப மனம் வருமா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கேள்வி மலை சைக்கிள் பிறந்தபோதே பிறந்தது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்கருகே உள்ள ஒரு காட்டுத்தீத் தடுப்புப் பாதையில் 1976 அக்டோபரில் முதல் ரீபேக் (‘திரும்ப அடைத்தல்’) பந்தயம் நடந்தது. ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பிரேக்குகள் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். ஓட்டம் முடிந்ததும் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான் அந்தப் பாதைக்கே அப்பெயர் வந்தது. ஆனால் ஷ்வின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் அந்தப் பழைய ஃப்ரேம்களைத் தள்ளிக்கொண்டோ வண்டியில் ஏற்றியோதான் மேலே கொண்டு போனார்கள். அவை இறங்குவதற்கு மட்டுமே பயன்பட்டன. பல கியர்களையும் வலுவான பிரேக்குகளையும் பொருத்திய பிறகே அதே மாதிரியான சைக்கிள் மலையைச் சுற்றிவரும் வாகனமானது. எல்லாவற்றுக்கும் என்ற தகுதியை அதற்குக் கொடுத்தது ஏற்றம்தான். ஆகவே நான் ஏற்றத்திலிருந்து தொடங்குகிறேன். டிராவலைக் கடைசியில் பேசுவோம்.

2023 ஜூன் 5

முதல் மலை சைக்கிள் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது 1981இல் வந்தது. தொழிற்சாலையில் பெருமளவில் செய்து விற்கப்பட்ட முதல் மலை சைக்கிள்களில் ஒன்று என்றால் சரி. ஜோ பிரீஸ் 1977இலேயே இந்த வேலைக்கென்று தனியாக ஃப்ரேம் கட்டிவிட்டார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிச்சி கட்டிய ஃப்ரேம்களை வைத்து 1979இல் கடையே போட்டார்கள்.

2023 ஜூன் 7

ஏற்றத்தின் கணக்கு. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 325 மீட்டர் அளவில் இருக்கிறது. கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி இருக்கிறது. 33 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,450 மீட்டர் ஏறுகிறோம். சராசரிச் சாய்வு நாலரை சதவீதத்துக்குக் கீழேதான் வருகிறது, அதைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். பயப்பட வேண்டியது மேலே தோட்டப் பாதைக்குள் நுழைந்த பிறகு, 15 சதவீதத்தைத் தாண்டும் ஈரமான செம்மண் மேட்டில்.

முன்னால் 30 பல், பின்னால் 10 முதல் 51 பல் வரையுள்ள 12 வேக கேசட் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) என்று வைத்துக்கொள்ளுங்கள். 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 2.3 மீட்டர் அளவில் வரும். மிக இலகுவான கியரில் பெடலின் ஒரு சுற்றுக்கு 1.35 மீட்டர் நகர்வோம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 4.9 கிலோமீட்டர், அதாவது ஒரு மனிதன் கொஞ்சம் விரைவாக நடக்கும் வேகம். அதற்கும் கீழே போனால் சமநிலை கெடும், இறங்கித் தள்ளுவதே மேல். மறுமுனையில் 10 பல்லில் 90 சுற்று மிதித்தால் மணிக்கு 37 கிலோமீட்டர் கிடைக்கும். அவிநாசி சாலையில் வண்டிகளோடு போட்டி போட அது போதாது. போட்டி போடவும் வேண்டாம். 30 பல்லை 32 ஆக்கச் சொல்பவர்கள் ஏற்றத்தின் கடைசி 5 கிலோமீட்டரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கியரைவிட நான் அதிகம் பார்ப்பது சீட் குழாயின் கோணத்தை. பழைய ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்களில் அது 73 பாகையை ஒட்டி இருந்தது. மேட்டில் பின் ஷாக் அமுங்கும்போது ஓட்டுபவர் பின் சக்கரத்தின் மேலேயே போய் உட்கார்ந்துவிடுவார், முன் சக்கரம் தூக்கிக்கொண்டு அலையும். இப்போது 76, 77 பாகை வருகிறது. பெடலுக்கு நேர் மேலே உட்கார்ந்து மிதிக்கும் வசதியை ஒருமுறை பழகிவிட்டால் பழைய கோணத்துக்குத் திரும்ப முடியாது.

2023 ஜூன் 8

கார்பன் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சிறு வகுத்தல். ஆள் 75 கிலோ, சைக்கிள் 14 கிலோ, மொத்தம் 89. சைக்கிளில் ஒரு கிலோ குறைத்தால் சுமை 1.1 சதவீதம் குறைகிறது. இரண்டரை மணி நேர ஏற்றத்தில் அது 100 விநாடிகள். அலுமினிய ஃப்ரேமுக்கும் கார்பன் ஃப்ரேமுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவான வேறுபாடு. மிச்சமாகும் பணத்தில் கோத்தகிரியில் எத்தனை தேநீர் குடிக்கலாம் என்பதைக் கேட்டவரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

2023 ஜூன் 8, சற்று நேரம் கழித்து

அதே கணக்கை டயருக்குப் போட்டுப் பார்த்தேன்; இதுதான் தூக்கிவாரிப் போட்டது. மென்மையான ரப்பரும் பெரிய கட்டைகளும் (டயர் மேலுள்ள ரப்பர் முண்டுகள்) உள்ள இறக்கத்து டயருக்கும், சிறு கட்டைகளுள்ள விரைவான டயருக்கும் இடையே உருளல் தடை எண்ணில் 0.005 மட்டுமே வேறுபாடு என்று குறைத்தே எடுத்துக்கொள்வோம். 89 கிலோவுக்கு அது 4.4 நியூட்டன் கூடுதல் இழுவை. மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் 16 வாட். இந்த ஏற்றத்தில் நாம் மொத்தமாக இறக்கும் திறன் 175 வாட்டை ஒட்டியிருக்கும் என்றால், அதில் 9 சதவீதம் டயருக்கே போகிறது. எடையில் இதே அளவு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் 8 கிலோ குறைக்க வேண்டும். ஆகவே கார்பனா அலுமினியமா என்று இனி என்னிடம் கேட்க வேண்டாம். எந்த டயர் என்று கேளுங்கள்.

2023 ஜூன் 13

டிராவலுக்கு வருகிறேன். மறுப்புகள் நிறைய வந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

1989இல் வந்த ராக்ஷாக்ஸ் ஆர்எஸ்-1 ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) டிராவல் 48 மி.மீ. மட்டுமே. அக்காலத்து ஃப்ரேம்களில் முன் ஃபோர்க்கின் சாய்வு 71 பாகையை ஒட்டி நின்றது. ஹேண்டில்பார் குறுகியது, அதைப் பிடிக்கும் ஸ்டெம் நீண்டது. செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுபவரின் மார்பு முன் அச்சுக்கு மேலே வந்துவிடும், ஒரு கல் தடுத்தால் ஆள் முன்னால் போய் விழுவார். இந்த ஆபத்தைப் பல ஆண்டுகள் டிராவலைக் கூட்டித் தீர்க்கப் பார்த்தார்கள். உண்மையில் தீர்த்தது ஃப்ரேமின் அளவுகள். முன் சாய்வு 65, 66 பாகைக்குப் படுத்தது, ஃப்ரேம் முன்னோக்கி நீண்டது, ஸ்டெம் 50 மி.மீ. அல்லது அதற்கும் கீழே சுருங்கியது, ஹேண்டில்பார் 780 மி.மீ. வரை அகன்றது. இன்றைய 130 மி.மீ. சைக்கிள் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய 160 மி.மீ. சைக்கிளைவிட இறக்கத்தில் உறுதியாக நிற்பது இதனால்தான். என் பழைய நீண்ட டிராவல் சைக்கிளில் இறங்கி நடந்த இடங்கள் சிலவற்றில், அதைவிடக் குறைந்த டிராவலுள்ள சைக்கிளில் நின்றபடியே இறங்குகிறேன். என் திறமை அவ்வளவாக வளர்ந்துவிடவில்லை என்பதை உடன் வருபவர்கள் உறுதி செய்வார்கள்.

ட்ராப்பர் சீட்போஸ்ட்டையும் இங்கேயே சொல்ல வேண்டும். ஹேண்டில்பாரில் ஒரு விசையை அழுத்திக்கொண்டு சீட்டில் எடையைக் கொடுத்தால் அது கீழே இறங்கும், மறுபடி அழுத்தினால் மேலே வரும். ஏற்றத்துக்கு உயர்ந்த சீட்டும் இறக்கத்துக்குத் தாழ்ந்த சீட்டும் ஒரே சைக்கிளில் கிடைக்கின்றன. நான் மேலே சொன்ன அதே ஜோ பிரீஸ், 1980களிலேயே ஹைட்ரைட் என்ற சிறு ஸ்பிரிங்கை இதே நோக்கத்துக்காக விற்றார். அதற்குச் சீட் கிளாம்ப்பைக் கையால் தளர்த்த வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே சைக்கிள் என்ற ஆசைக்கு மிகப் பெரிய உதவி செய்த ஒற்றைப் பாகம் எது என்று கேட்டால், சஸ்பென்ஷனுக்கு முன்பாக ட்ராப்பரையே சொல்வேன்.

இந்த நீண்ட அளவுகளுக்கும் விலை உண்டு. தோட்டத்துக்குள் கூலியாட்கள் நடக்கும் பாதைகள் கொண்டை ஊசியாகத் திரும்புகின்றன. சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 1,250 மி.மீ. தாண்டினால் அந்தத் திருப்பங்களில் பின் சக்கரத்தைத் தூக்கி வைத்துத்தான் திருப்ப வேண்டும். முன் சாய்வு 64 பாகைக்குக் கீழே போனால் மெதுவான ஏற்றத்தில் முன் சக்கரம் தானாக ஒருபக்கம் சாயும். ஆகவே 65.5 பாகையில் நின்றுகொள்கிறேன். பின்னால் 130 மி.மீ., முன்னால் 140 மி.மீ.

2023 ஜூன் 14

ஒட்டகம் கூடாரத்துக்குள் நுழைந்த கதையாக நாளை 150 என்பீர்கள் என்று கேலி செய்தவருக்கு: முன்னால் மட்டும் 150 என்றால் மறுக்க மாட்டேன். பின்னால் கிடையாது.

2023 ஜூன் 20

பின் ஹப் சத்தமாக இருந்தால் நல்லதா கெட்டதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில் காட்டெருமைகள் மேய்கின்றன. வளைவைத் திரும்பியதும் அதன் முகத்துக்கு நேரே போய் நிற்பதைவிட, நாம் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிவது இருவருக்கும் நல்லது. சத்தமான ஹப்பே வாங்குங்கள்.

2023 ஜூலை 2

மழை தொடங்கிவிட்டது, பிரேக் பற்றிப் பேசச் சரியான நேரம். 1,450 மீட்டர் இறக்கத்தில் ஆள், சைக்கிள் இரண்டின் நிலையாற்றலில் பெரும்பங்கை டிஸ்க்குகள் வெப்பமாக்க வேண்டியிருக்கிறது. தார்ச்சாலையில் காற்றும் கொஞ்சம் தடுக்கும்; மெதுவான கல்பாதையில் அந்த உதவியும் இல்லை. முன்னால் 203 மி.மீ. டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பகுதி), பின்னால் 180 மி.மீ. டிஸ்க்கும் வேண்டும். இரண்டு பிஸ்டன் போதும் என்பவர்கள் பெரும்பாலும் 60 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள்.

எண்ணெய் விஷயத்தில் எனக்கு வித்தியாசமான கருத்து உண்டு. ஷிமானோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். இன்னொரு பாகத் தயாரிப்பு நிறுவனமான ஸ்ராமின் பல பிரேக்குகளுக்கு டாட் வகை எண்ணெய். டாட் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை மெல்ல மெல்லக் குறையும், ஃப்ரேமின் பெயின்ட்டில் பட்டால் அரிக்கும், ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். மினரல் ஆயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. இருந்தும் டாட் 4 எண்ணெய் மேட்டுப்பாளையத்தில் எந்த மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். மினரல் ஆயிலை வரவழைக்க வேண்டும். எனக்குக் கிடைப்பதே பெரிது. ஸ்ராம் நிறுவனமே டிபி8 பிரேக்கில் மினரல் ஆயிலுக்கு மாறத் தொடங்கிவிட்டது என்பதால் இந்த வாதம் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது.

2023 ஜூலை 9

கிடைப்பது என்று எழுதிய பிறகு முழுச் சைக்கிளையும் அந்தக் கண்ணால் திரும்பப் பார்த்தேன். இந்த இழையில் நான் சொல்ல வேண்டியது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஃபுல் சஸ்பென்ஷன் ஃப்ரேமின் மூட்டுகளில் பத்துக்கு மேற்பட்ட பேரிங்குகள் இருக்கலாம். நீலகிரியின் மழையும் செம்மண்ணும் சேர்ந்தால் அவை நீண்ட நாள் தாங்கா. 6902, 6001 போன்ற பொது அளவுப் பேரிங்குகளைக் கொண்ட ஃப்ரேம் என்றால், பம்புசெட்டும் மோட்டாரும் செய்யும் கோவையில் எந்தப் பேரிங் கடையிலும் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். சொந்த அளவில் பேரிங் செய்து பொருத்தும் ஃப்ரேம் என்றால் வெளிநாட்டுப் பொட்டலத்துக்காகக் காத்திருக்க வேண்டும். நான் ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படிக் காத்திருந்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை.

பெடல் அச்சு திருகிப் பொருத்தும் வகையாக இருக்க வேண்டும். அடித்து நுழைக்கும் வகை மழையில் நனைந்தால் முனகத் தொடங்கும், அதைக் கழற்ற எல்லாக் கடைகளிலும் கருவி இராது. பின் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் யுடிஎச் ஆக இருக்கட்டும். 2019இல் ஸ்ராம் அறிமுகப்படுத்திய இந்தப் பொது வடிவத்துக்கு முன்பு, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒவ்வொரு ஹேங்கர். கல்லில் இடித்து வளைந்தால் அதே மாதிரிக்கு அதே துண்டைத் தேட வேண்டியிருந்தது. கேபிள்களை ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்புவதற்கான பேரிங் தொகுதி) வழியாக உள்ளே நுழைக்கும் புதிய பழக்கத்துக்கு என் முழு எதிர்ப்பையும் பதிவு செய்கிறேன். மேல் பேரிங்கை மாற்றப் பிரேக் குழாயைத் துண்டிக்க வேண்டும் என்பதை யார் ஏற்றுக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

2023 ஜூலை 10

அப்படியானால் மூட்டே இல்லாத இரும்பு ஹார்ட்டெயில்தானே (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது) விடை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் ஒருநாள் முழுக்க அப்படித்தான் தோன்றியது. பேரிங் இல்லை, பின் ஷாக் இல்லை, ஏற்றத்தில் ஆட்டம் இல்லை. முதுகு முப்பதில் இருந்திருந்தால் இந்த இழை இங்கேயே முடிந்திருக்கும். நீண்ட கல்பாதையில் ஹார்ட்டெயில் ஓட்டும்போது கால்களே பின் ஷாக்காகின்றன. இறக்கத்தின் இறுதியில் அவை மிதிக்கத் தகுதியற்றவையாகிவிடுகின்றன. மேலும் வேர்கள் நிறைந்த ஏற்றத்தில் பின் சக்கரம் தரையோடு ஒட்டி நிற்பதற்கும் சஸ்பென்ஷன் உதவுகிறது, இதை இறக்கத்தின் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். மூட்டுகள் குறைந்த எளிய அமைப்பு, 120 முதல் 130 மி.மீ. வரை, என்று சமரசம் செய்துகொள்கிறேன்.

2023 ஜூலை 23

சக்கரமும் டயரும். இரண்டும் 29 அங்குலம், ரிம் அளவு 622 மி.மீ. முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து போடும் வழக்கத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: உயரம் குறைந்தவர்களுக்குப் பின்புறம் டயர் தட்டாமல் இருக்க அது உதவும், திருப்பங்களிலும் இலகுவாக வளையும். ஆனால் இரண்டு அளவு டியூப் சுமக்க எனக்கு விருப்பமில்லை.

டியூப் எதற்கு, டியூப்லெஸ் போதாதா என்பீர்கள். சமவெளியில் சீமைக் கருவேல முள் இருக்கிறது. டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் சிறு துளைகளை அடைக்கிறது, அதற்காகவே டியூப்லெஸ் இங்கே கட்டாயம். ஆனால் நம் வெயிலில் சீலன்ட் விரைவாகக் காய்ந்து போகிறது. குளிர்நாட்டுக் கையேட்டில் போட்டிருக்கும் காலக்கெடுவை நம்பி உட்கார்ந்திருந்தால் டயருக்குள் ரப்பர் உருண்டைதான் மிஞ்சும். டயரை அவ்வப்போது காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், நீர்ச் சத்தம் கேட்க வேண்டும்.

முன்னால் 2.4 அங்குலத்தில் பெரிய கட்டைகளும் மென்மையான ரப்பரும், பின்னால் அதே அகலத்தில் விரைவாக உருளும் டயரும் என்பது என் தேர்வு. முன் சக்கரம் வழுக்கினால் கீழே விழுவோம். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு போய்விடலாம். ஜூன் 8 கணக்கின்படி உருளல் தடை அதிகம் பாதிப்பதும் பின் டயரில்தான், எடையின் பெரும்பகுதி அங்கேதான் இறங்குகிறது.

2023 ஆகஸ்ட் 15

கேள்வியைத் தொடங்கியவர் வேறொரு பக்கத்திலிருந்து வந்திருக்கிறார். மோட்டார் இருந்தால் என்ன ஆகும்?

அப்போது அவருடைய ஜூன் 4 வாதம் பெருமளவு சரியாகிவிடும் என்பதை மறுக்க முடியவில்லை. நீண்ட டிராவலையும் தடித்த டயரையும் நான் எதிர்த்தது ஏற்றத்தின் பெயரால்தான். ஏற்றத்தை மோட்டார் பார்த்துக்கொள்ளும் என்றால் 160 மி.மீ. யாருக்கும் சுமையில்லை. இந்தியாவில் 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் நிற்கும் வண்டிக்குப் பதிவும் தேவையில்லை. 75 கிலோ ஆளையும் 24 கிலோ சைக்கிளையும் 1,450 மீட்டர் தூக்க 390 வாட்மணி வேண்டும். உருளலும் மோட்டாரின் இழப்பும் தனி. நாமும் மிதிப்போம் என்பதால் 625 வாட்மணி பேட்டரியில் கோத்தகிரி ஏறி மேலேயும் கொஞ்சம் சுற்றலாம், ஒரே நாளில் இரண்டுமுறை ஏற முடியாது.

ஆனால் கழற்றவே முடியாதபடி மூடப்பட்ட மோட்டார், அதன் கணினி நிரலைப் பார்க்க அதிகாரபூர்வ விற்பனையாளரின் மடிக்கணினி, 24 கிலோவைத் தோளில் தூக்கி யானைத் தடுப்பு அகழியைச் சுற்றிக் கடப்பது ஆகியவற்றை நினைத்தால் ஜூலை 9 குறிப்பு குறுக்கே வந்து நிற்கிறது. பேரிங் கடையில் எண்ணைச் சொல்லி வாங்க முடியாத எதையும் நான் இப்போதைக்கு மலைக்கு எடுத்துப் போகப்போவதில்லை. எனக்கு மோட்டார் வேண்டாம். முழங்கால் வலிக்கிறது என்று நேற்று எழுதிய நண்பர் தாராளமாக வாங்கலாம்.

2023 ஆகஸ்ட் 19

கியர்பெட்டி பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஜெர்மனியின் பினியன் சி1.12 பெட்டி பெடல் அச்சிலேயே 12 கியர்களையும் அடைத்து 600 சதவீத வீச்சு தருகிறது. 10-51 கேசட்டின் வீச்சு 510. பின்னால் தொங்கிக் கல்லில் இடிபட எதுவும் இல்லை, சேறும் உள்ளே போகாது. எடை கூடுதல், உராய்வில் கொஞ்சம் மிதிவலு வீணாகும், அதற்கென்றே கட்டிய ஃப்ரேமும் வேண்டும். கனவு காணும் இழை என்பதால் கனவாகவே இருக்கட்டும். கைக்கு எட்டுவது என்றால் யுடிஎச் ஹேங்கரும், பையில் ஒரு மாற்று ஹேங்கரும்.

2023 செப்டம்பர் 3

நடுத்தர அளவா பெரிய அளவா என்று கேட்டவருக்கு: இரண்டுக்கும் நடுவே இருந்தால், கொண்டை ஊசித் திருப்பங்கள் கொண்ட இந்த மலைக்குச் சிறியதை எடுங்கள். ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நுழைகிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் மேலே எழுதிய எதுவும் உங்களை வாங்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.